பிடுங்கிப் போட்ட மரவள்ளித் தடிகள்

அண்ணன், இது நான், உன் தங்கச்சி. கடிதம் அம்மாவுடையது, கை மட்டும் என்னுடையது. அம்மா சொல்வதை ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல், உண்மையாக எழுதிவைப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. நான் மாற்றி எழுதினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. அதனாலேயே இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவருடைய பேச்சை எழுத்துத் தமிழாக்குவது மட்டும்தான் என் வேலை. 'மனே' என்று உன்னைக் கூப்பிடுவதை மாத்திரம் 'மகனே' என்று திருத்த மனம் வரவில்லை. இனி 'நான்' என்று வருவதெல்லாம் அம்மா. எனக்கு ஏதும் சொல்ல இருந்தால் அடைப்புக்குறிக்குள் சொல்வேன்.

மனே, சைக்கிளில் புடவை விற்கும் காத்தான்குடி முஸ்லிம் காக்கா இன்று பின்னேரம் வந்தார். சைக்கிளில் மூட்டை இல்லை. இந்தச் சண்டைக் காலத்தில் புடவைக்கும் கூப்பன் வந்த பிறகு அவர் மூட்டையில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்து, "என்ன காக்கா, இண்டைக்குக் காத்த விக்கவா வந்த?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "மண்டூரால வாறன் தங்கச்சி. முதல் கொஞ்சம் தண்ணி தாங்க" என்றார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். "மகன் சொகமாத்தான் இரிக்காரு, பயப்பிடாதீங்க. ஆனா மாமனார்ர வளவுல நிண்ட மரவள்ளியில ஒண்டும் மிச்சமில்ல. நாப்பது மரத்தையும் புடுங்கி எறிஞ்சிட்டாரு" என்றார்.

மிச்சத்தையும் அவர்தான் சொன்னார். சம்பந்தியார் அரிசித் தட்டுப்பாட்டுக்கென்று போன வருஷமே நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த மரவள்ளி. முதல் கிழங்கைக் கிண்டி உன் பெண்சாதி பூமணி அவித்து வைத்திருக்கிறாள். ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சி, பசியில் ஒரு துண்டை வாயில் வைக்கப் போயிருக்கிறாள். வயல் வட்டைக்குள்ளிருந்து வந்த நீ அவள் கையில் இருந்ததைத் தட்டிவிட்டு, பானையோடு தூக்கிப் போய் வேலிக்கு அப்பால் கொட்டினாயாம். பிறகு மரங்களைப் பிடுங்கத் தொடங்கினாயாம். சம்பந்தியார் வந்து, "வந்து குந்தின மாப்பிள்ளைக்கு என்ர வளவுல கை வைக்க ஆர் சொன்ன?" என்று கேட்டபோதும் நீ பிடுங்குவதை நிறுத்தவில்லையாம். இப்போது மூன்று நாளாக வயல் காவல் பரணிலேயே படுக்கிறாயாம். நெல் வேளாண்மை வெட்டப் பத்து நாள்கூட இல்லாத நேரத்தில், வெள்ளிக்கிழமை லொறியில் திருகோணமலைத் துறைமுகத்துக்கு, வெள்ளைக்காரரின் சண்டை வேலைக்குப் போகப் பெயர் கொடுத்துவிட்டாயாம். "அந்தப் புள்ள அழுது அழுது முகம் வீங்கிப் போய் இரிக்கி. என்னத்துக்குப் புடுங்கினாரெண்டு அதுக்கே தெரியா" என்றார் காக்கா.

எனக்குத் தெரியும் மனே. அதனால்தான் இந்தக் கடிதம். இன்று புதன்கிழமை. நாளை விடிய காக்கா திரும்பவும் தோணித்துறையைக் கடந்து மண்டூருக்குப் போகிறார். மத்தியானத்துக்கு முன் இது உன் கையில் கிடைக்கும். நீ இதைப் பரணில் தனியே இருந்து வாசிக்கக்கூடாது. வீட்டுக்குப் போ. பூமணியையும் மாமாவையும் மாமியையும் கூப்பிட்டு, அவர்களுக்கு முன்னால் உரத்து வாசி. உனக்குக் குரல் வராவிட்டால் பூமணியிடம் கொடு. அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்தானே. இதில் யாரும் கேட்கக்கூடாத பேச்சு ஒன்றும் இல்லை. யாரும் கேட்காமல் நான் பதின்மூன்று வருஷம் வைத்திருந்த பேச்சுத்தான் இருக்கிறது.

நீ சின்ன வயதில் எப்படி இருந்தாய் என்பதை அவர்கள் அறிய வேண்டும். மண் உனக்குச் சொந்தக்காரன் மாதிரி. கிணற்றடியில் வழிந்தோடும் தண்ணீருக்குச் சின்னச் சின்ன வாய்க்கால் வெட்டி, கொச்சிக்காய் மிளகாய்க் கன்றுக்கு இவ்வளவு, கத்தரிக்கு இவ்வளவு என்று பாகம் பிரித்துவிடுவாய். பள்ளிக்கூடத்தால் வந்ததும் புத்தகத்தை எறிந்துவிட்டு, பாவல் கொடியில் எந்தப் பூ பிஞ்சாகியிருக்கிறது என்று பார்க்க ஓடுவாய். மழை விட்ட பின்னேரங்களில் நாம் இரண்டு பேரும் வரம்பு வழியே பொன்னாங்காணி ஆய்வோம். வேலியில் படர்ந்த முசுட்டை இலையை எட்டிப் பறிப்பது உன் வேலை. நீ பறித்ததைப் பொடியாக அரிந்து, துருவிய தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தால் உங்கள் அப்பா இன்னொரு பிடி சோறு கேட்பார். ஒரு வருஷம் மண்டூர்த் திருவிழாவுக்குத் தோணியில் போனபோது எல்லாரும் கோயில் தெரிகிறதா என்று கரையைப் பார்த்தார்கள். நீ மட்டும் தண்ணீரில் கிடந்த ஆம்பல் கொடிகளை எட்டிப் பார்த்து, "அம்மா, இந்தக் கிழங்கையெல்லாம் சமைக்கலாமா?" என்று கேட்டாய். தோணிக்காரர், "உன்ர மகன் கோயிலுக்குப் போறானா, சந்தைக்குப் போறானா?" என்று சிரித்தார். அப்படிப்பட்டவன் ஒன்பதாவது வயதுக்குப் பிறகு எங்கள் வளவில் ஒரு கன்றையும் தொடவில்லை. நான் அதைப் பார்த்தேன். பார்க்காதது மாதிரி இருந்தேன்.

இனிச் சொல்வதைப் பூமணி கவனமாகக் கேட்கட்டும். அந்த மாரியில் ஆறு பெருகி வேலி வரை வந்திருந்தது. உங்கள் அப்பா ஆற்றுக்கு அப்பால் படுவான்கரையில் வயல் வேலைக்குப் போனவர் வெள்ளத்தில் வரமுடியாமல் நின்றுவிட்டார். வீட்டில் நான், ஒன்பது வயதில் நீ, மூன்று வயதில் சின்னவன். இதை எழுதுகிறவள் என் வயிற்றில். ஒரு செவ்வாய்க்கிழமை, "மழை இன்னும் கூடினால் கிண்ட ஏலாதம்மா" என்று சொல்லி நீயாகவே போய் ஒரு மரவள்ளியைப் பிடுங்கிவந்தாய். கிணற்றடிப் பக்கத்து மரம். நல்ல மரம், நாம் எப்போதும் தின்கிற இனிப்பு மரம். நீ கொண்டுவந்த கிழங்கில் ஒரு பிழையும் இருக்கவில்லை. இதை இரண்டாம் முறையும் வாசி மனே. நீ கொண்டுவந்த கிழங்கில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

அன்றைக்கு அயல்வீட்டில் ஓரா மீனும் கொஞ்சம் அரிசியும் தந்தார்கள். சோறு சமைத்தேன். கிழங்கு அடுப்படி மூலையில் கிடந்தது. அடுத்த நாளும் எனக்கு எழும்ப ஏலாமல் இருந்தது, மிச்சச் சோற்றைக் கஞ்சியாக்கித் தந்தேன். மூன்றாம் நாள் அரிசி இல்லை. கிழங்கை எடுத்து வெட்டினேன். உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடியிருந்தது. மரவள்ளியைப் பிடுங்கிய நாளிலேயே சமைக்க வேண்டும், நீலம் ஓடினால் மாட்டுக்கும் போடக்கூடாது என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் நீலத்தைச் செதுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பானையில் போட்டேன். கூரை ஒழுகி அடுப்பில் சொட்டியது. மழைத்தண்ணீர் விழாமல் இருக்கப் பானையை மூடினேன். மரவள்ளிப் பானையை மூடக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். பசித்த பிள்ளைகள் இரண்டு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு தின்போம் என்று நான் தின்னவில்லை. சின்னவன் உன்னிலும் கூடத் தின்றான், ஏனென்றால் நீ உன்னுடையதில் பாதியை அவனுக்குக் கொடுத்தாய்.

சின்னவன் தின்றதையெல்லாம் சத்தியெடுத்துத் தலை சாய்ந்ததும் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் வீட்டுக்கு முழங்கால் தண்ணீரில் ஓடினேன். நீயும் சத்தியெடுத்துக்கொண்டே பின்னால் வந்தாய். பரியாரியார் பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "என்ன கா குடுத்த?" என்றார். "மரவள்ளி" என்றேன். "ஆர் புடுங்கின?" "மூத்தவன்." "வேலிக்கரையில நிக்கிற கைப்பு மரவள்ளியப் புடுங்கியிருப்பான். சின்னப் பொடியனுக்கு என்ன தெரியும்" என்றார் அவர். நான் ஆம் என்று சொல்லவில்லை மனே. இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு நான் சொன்னது சரியான பதில்தான். அந்தச் சரியான பதிலை வைத்துக்கொண்டு உன்னை ஊருக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். பொழுதுபடுவதற்கு முன் சின்னவன் போய்விட்டான். நீ பிழைத்துக்கொண்டாய்.

வெள்ளம் வற்றி உங்கள் அப்பா வந்தார். ஊர் சொன்னதைக் கேட்டார். பூவரசம் கம்பை முறித்து உன்னை அடித்தார். நீ ஓடவில்லை, கையைக்கூடத் தூக்கவில்லை. அடுப்படியில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் போதும், கம்பைப் போட்டிருப்பார். அந்தச் சொல்லைச் சொன்னால் அந்தக் கம்பு என் பக்கம் திரும்பும் என்று பயந்தேன் என்று சொன்னால் நீ மன்னித்துவிடுவாய். அதுவல்ல. அவர் என்னை அடிக்கிற மனிசன் அல்ல. 'தெரிந்துகொண்டே பிள்ளைக்குக் கொடுத்தவள்' என்று அவர் என்னைப் பார்க்கும் பார்வையை என்னால் தாங்க ஏலாது. அதற்குத்தான் பயந்தேன். அவர் கண்மூடி நான்கு வருஷமாகிறது. நீதான் கொள்ளி வைத்தாய். தன் மூத்த மகன்தான் சின்னவனைச் சாகக் கொடுத்தான் என்று நம்பிக்கொண்டே அவர் போனார்.

(அண்ணன், இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். எட்டு வயதில் ஒரு நாள் சாப்பிடும்போது உன்னோடு சண்டை பிடித்து, "நீதானே சின்னண்ணனைக் கொன்ன" என்று கத்தினேன். நீ சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனாய். அம்மா எனக்குக் கன்னத்தில் ஒன்று தந்தார். வேறொன்றும் சொல்லவில்லை. இப்போது அதை அம்மாவுக்கு ஞாபகப்படுத்தினேன். "ஓம், அப்பவும் சொல்லல்லத்தான்" என்றார். பிறகு, "அப்பா பார்வ எண்டு சொன்னத வெட்டிப்போடு மகள். சம்பந்தி வீட்டில வாசிக்கிற கடிதம்" என்றார். வெட்டமாட்டேன் என்றேன். "நீ என்ன, சோதினையா எழுதுற?" என்று கேட்டார். ஓம் என்றேன். அம்மா எழுந்து அடுப்படிப் பக்கம் போனார். கடிதம் இவ்வளவோடு நின்றுவிடுமோ என்று பயந்து பேனையை மையில் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "சரி, கிடக்கட்டும்" என்றார்.)

உன் கலியாணத்தன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன் மனே. நம் பக்கத்தில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவான், பிறந்த வளவில் நரைப்பதில்லை. இந்த வீடும் வளவும் உன் தங்கச்சிக்கு. உனக்கு ஒரு பெட்டி, இரண்டு வேட்டி, ஒரு மண்வெட்டி. துறையில் தோணி நின்றது. உன்னோடு தனியே நிற்க எனக்கு வெற்றிலை மடிக்கிற நேரம் கிடைத்தது. அவ்வளவு நேரம் போதும். ஆனால் "நல்லா இரு மனே" என்று மட்டும் சொன்னேன். இந்தப் பிழையை நீ அந்த வீட்டுக்குச் சுமந்துகொண்டு போவாய் என்று தெரிந்தும் சொன்னேன். பூமணி பிள்ளைத்தாய்ச்சியாகி, அவள் கையில் மரவள்ளியைக் கண்டதும் உன் கண்ணில் என்ன தெரிந்திருக்கும் என்று நான் ஊகிக்க வேண்டியதில்லை. எனக்கும் அதுதான் தெரிகிறது.

பூமணி, மகள், உன்னிடம் இரண்டு சொல். அவன் உன்னைத் தட்டிவிடவில்லை, உன் வாய்க்குப் போனதைத் தட்டிவிட்டான். சம்பந்தியார் அண்ணன், நீங்கள் நட்டதைப் பிடுங்கியது பெரிய பிழை. மாப்பிள்ளை அப்படிச் செய்தால் எந்த வீட்டிலும் பொறுக்கமாட்டார்கள். அந்தப் பிழையில் பாதி என்னுடையது. நீங்கள் ஏசுவதென்றால் எனக்கு ஏசி ஒரு கடிதம் போடுங்கள். என் மகள் ஒன்றும் விடாமல் வாசித்துக் காட்டுவாள்.

மனே, இனி நான் சொல்வதைச் செய். உன் மாமா நட்டது நல்ல மரம் என்றே வைத்துக்கொள். நம்பாவிட்டால் அவரிடம் எங்கே தடி எடுத்தது என்று கேள். கேட்பதில் வெட்கமில்லை, கேட்காமல் பிடுங்கியதுதான் வெட்கம். கிழங்கைப் பிடுங்கிய அன்றே சமைக்க வேண்டும். வெளித்தோலையும் உள்ளே இருக்கும் தடித்த தோலையும் உரித்து, நடுநாரை இழுத்து எறி. துண்டு நீலமாக இருந்தால், வீட்டில் வேறொன்றும் இல்லாவிட்டாலும், குழி தோண்டிப் புதை. தண்ணீர் நிறைய ஊற்று. பானையை மூடாதே. ஆவி போகட்டும், கண் எரிந்தாலும் போகட்டும். வெந்த தண்ணீரை வடித்து ஊற்று. இஞ்சி போட்ட எதையும் அதோடு தின்னாதே என்பார்கள். அது ஏன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் இனி நான் தெரியாததையும் மீறமாட்டேன். இப்படிச் சமைத்த கிழங்கு மாப்போல உதிரும். தேங்காய்ப்பூவும் உப்பும் தூவி, கொச்சிக்காய்ச் சம்பலோடு தின்றால் அரிசிக் கவலை ஒரு நேரத்துக்குத் தீரும். பூமணியின் வயிற்றுப் பிள்ளைக்கு அந்த ஒரு நேரம் வேண்டும். ஊரெல்லாம் கூப்பன் அரிசியை எண்ணி உலையில் போடுகிற காலத்தில் நாற்பது மரத்தை எறிய உனக்கு உரிமை இல்லை. எனக்கும் இல்லை, நான்தானே எறியவைத்தேன்.

பிடுங்கிய கிழங்கு போனது போனதுதான். மூன்று நாளாகிவிட்டது, அதை யாரும் தொடக்கூடாது. ஆனால் தடிகள் இருக்கின்றன. மரவள்ளிக்கு உயிர் தடியில். எறிந்த இடத்தில் வெயிலில் கிடந்தால் இன்னும் நான்கைந்து நாளில் காய்ந்துவிடும். நீ வெள்ளிக்கிழமை லொறியில் ஏறினால் அதை அள்ளி நடுவதற்கு அந்த வீட்டில் வேறு கை இல்லை. மாமாவுக்கு வேளாண்மை வெட்டு, பூமணிக்குக் குனிய ஏலாது. ஆகையால் இதை வாசித்த அன்றைக்கே எல்லாவற்றையும் நிழலுக்கு இழு. நகத்தால் தோலைச் சுரண்டிப் பார். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒரு முழத்துக்கு ஒரு துண்டாக, கணு நசியாமல் வெட்டு. மாமாவிடம் போய், "எந்த இடத்தில நடட்டும்?" என்று கேள். அவர் பதில் சொல்லாவிட்டால் காத்துக்கொண்டு நில். இரண்டாம் முறையும் கேள். அவர் கையைக் காட்டுகிற இடத்தில் நடு. பழைய குழி வேண்டாம் என்றால் புதுக் குழி வெட்டு. மாசி வெயில், இரண்டு நேரமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். திருகோணமலையில் இருந்துகொண்டு மண்டூருக்குத் தண்ணீர் ஊற்ற ஏலாது.

நட்டுவிட்டும் போகத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், போ. நான் மறிக்கமாட்டேன், மறிக்க எனக்கு முகமில்லை. என்மேல் கோபத்தில் போ. ஆனால் சின்னவனுக்காகப் போகாதே. அவனுக்கு நீ உன் பங்கில் பாதியைக் கொடுத்தாய். அவனுக்கு நீ செய்தது அது ஒன்றுதான்.

(அம்மா இவ்வளவும் சொல்லி முடித்துவிட்டார். முழுவதையும் ஒருமுறை வாசித்துக் காட்டினேன். பரியாரியார் கேட்ட இடத்தில் மாத்திரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழே கைநாட்டு வைக்க வேண்டும் என்றேன். என் மை பெருவிரலில் ஒட்டாது என்று, விளக்குச் சிமினியின் உள்கரியைத் தொட்டு எடுத்தார். விரலைத் தாளுக்குமேல் வைத்துக்கொண்டு, "இத வாசிச்ச பிறகு அவன் என்னை அம்மா எண்டு கூப்பிடுவானா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது அண்ணன். அம்மா தலையாட்டிவிட்டு விரலை அழுத்தினார். அந்நேரம் ரோட்டில் ஊர்த்தலைவர் விதானையாரின் ஆள், "ஆத்தங்கரை வீடுகள், விளக்கு, விளக்கு" என்று கத்திக்கொண்டு போனான். சண்டை தொடங்கியதிலிருந்து, வெளிச்சம் கண்டால் ஆகாயத்தால் குண்டு போடுவார்கள் என்று பொழுதுபட்டதும் இந்தக் கட்டளைதான். அம்மாவின் விரல் தாளில் இருக்கும்போதே விளக்கை ஊதினேன். ரேகை பதிந்ததா, கரியாய் அப்பிவிட்டதா என்று பார்க்க முடியவில்லை. இந்த வரிகளை இருட்டில் எழுதுகிறேன், கோணலாக இருக்கும். பக்கத்து வீடுகளிலும் ஒவ்வொன்றாக அணைகிறது. இப்போது கரை முழுக்க விளக்கு இல்லை.)